எஸ்பெதீத்தாவுக்கு வைத்த கண்

பைஷியோ ஊரில் உயிரோடு இருக்கிறவர்களைவிடச் செத்தவர்களுக்குத்தான் நல்ல உடுப்பு. வாழ்நாள் முழுக்க ஒரே கால்சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டவன்கூடச் செத்துச் சுவரில் ஏறியதும் நீலக் கோட்டும் டையுமாக நிற்பான். மூளிக் காதோடு போய்ச் சேர்ந்த கிழவிக்கு முத்துத் தோடு வந்துவிடும். கோயில் வாசலை மிதிக்காமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் மோதிரம் மாற்றிக்கொண்ட ஜோடியாகிவிடுவார்கள். சவப்பெட்டியில் கிடத்தி எடுத்த படத்தைக் கொடுத்தாலும் கண் திறந்து வரும். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. முன்கூடத்துச் சுவரில் மாட்டுகிற படம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தப் படங்களைச் செய்து கொடுத்தவள் நிவால்டா. அவள் புருஷன் எராஸ்மோ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவான். வீட்டுப் பெட்டிகளின் அடியில் கிடக்கிற, செல்லரித்த, மடிப்பு விழுந்த போட்டோக்களை வாங்கி, யாருக்குக் கோட்டு, யாருக்குத் தோடு என்று கேட்டுக்கொண்டு வருவான். முன்பெல்லாம் அவற்றைத் தலைநகருக்கு அனுப்பித் தூரிகையால் வரைந்து வாங்கினார்கள். அங்கேயும் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, அந்த இழவை நாமே வாங்கிப் போட்டால் என்ன என்று எராஸ்மோவுக்குத் தோன்றியது. யாரோ கழித்துவிட்ட ஒன்றை ஸ்கேனரோடு பிடித்துவந்து மேசைமேல் வைத்தான். வைத்த பிறகுதான் அதை யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது.

நிவால்டா அதுவரை தையல்காரி. சந்தைத் தெருவில், ஜெபப் புத்தகங்களுக்கும் சமையல் புத்தகங்களுக்கும் நடுவில், அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்றைக் கண்டெடுத்தாள். பழைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் திருத்துவது எப்படி என்று பாடம் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது அது. எழுதியவர் அமெரிக்காக்காரர்; யாரோ ஊர்ப் பாஷைக்குப் பெயர்த்திருந்தார்கள். அதில் வருகிற மனிதர்கள் எல்லோரும் செம்பட்டை முடிக்காரர்கள். ஒரு ஏரி, ஒரு நாய், ஒரு பனிக் குல்லா. மவுஸ் முதலில் அவள் கைக்குப் பிடிபடவில்லை. தையல் மிஷின் நினைப்பில் மேசைக்கடியில் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள். நான்காம் பாடத்தில் முகத்தின் குறுக்கே கிழிந்துபோன ஒரு தாடிக்காரர் வருவார். அவரை ஒட்டவைக்க அவள் பட்ட பாட்டில் அவர் வீட்டு மனிதராகவே ஆகிவிட்டார்.

"தாடி மாமா இன்னைக்கு எப்படி இருக்காரு?" என்று எராஸ்மோ கேட்பான்.

"மூக்கு வந்துட்டு. வாய்தான் இன்னும் கோணலா இருக்கு."

"எங்கம்மா என்னையப் பாத்துச் சொன்னது மாரியே சொல்லுத."

கறையை எடுக்கப் பக்கத்திலிருக்கிற நல்ல தோலைப் பிரதி எடுத்து ஒட்டுவது, கண்ணாடித் தாளை அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வேலை செய்வது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பது எல்லாம் அவளுக்கு வந்தது. கோட்டுத் தைக்கத் தெரிந்தவள் ஆதலால், அவள் போடுகிற கோட்டு தோளில் சரியாக உட்கார்ந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நிவால்டாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

அடுத்த வீட்டு ஒசெலீத்தா வந்தது ஒரு மத்தியான வேளையில். அவள் நிவால்டாவின் மகள் ஜசியாராவை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய். பிள்ளைகள் எல்லோரும் தெற்கே வேலைக்குப் போய்விட, புருஷன் அதாவுத்தோவும் அவளுமாக அந்த வீட்டில் இருந்தார்கள். ஆகஸ்டு மாதக் காற்று தெருப் புழுதியை எல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மடியிலிருந்து ஒரு ஞானஸ்நானத் துணியை எடுத்துப் பிரித்தாள். பின்னால் அதாவுத்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

துணிக்குள் உள்ளங்கை அளவு போட்டோ. சின்னச் சவப்பெட்டி, சுற்றிலும் காகிதப் பூ, நடுவில் ஏழு மாதக் குழந்தை. கண் மூடியிருந்தது.

"எஸ்பெதீத்தா," என்றாள் ஒசெலீத்தா. "என் தலைச்சன். ஊர்ல ஒருத்தருக்கும் இந்தப் படத்தக் காட்டினதில்ல. நம்ம வீட்டுத் திருஇருதயப் புதுப்பிப்பு வருதுல்ல, அதுக்குள்ள இவளையும் செவத்துல ஏத்திரணும்னு ஆசை."

"ஏத்திருவோம்க்கா. என்ன கவுனு போடட்டும்?"

"ரோஸ் கலரு. நாக்காலியில உக்காத்தி வையி. கண்ணத் திறந்து விடு."

"கண்ணு என்ன நிறம்க்கா?"

ஒசெலீத்தா புருஷனைப் பார்த்தாள். அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"என்னையக் கேக்காத. நான் அப்பத் தெற்க அணைக்கட்டு வேலையில கெடந்தேன். நான் வரும்போது பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தாச்சு."

"கறுப்புதான்," என்றாள் ஒசெலீத்தா. பிறகு, "கறுப்புன்னா ரொம்பக் கறுப்பும் இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் இருக்குமே, அப்படி," என்றாள். அவள் விரல்கள் அந்தத் துணியை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்தன. அவளுக்கு நினைவில்லை என்பது நிவால்டாவுக்குப் புரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் கண் நினைவில்லை என்று ஒரு தாய் எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? அவள் படுகிற வெட்கத்தைப் பார்க்க நிவால்டாவுக்குத் தாங்கவில்லை.

"சரிக்கா. நான் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

காகிதப் பூக்களை எடுப்பது பெரிய வேலையாக இல்லை. பெட்டி போனது, நாற்காலி வந்தது, ரோஸ் கவுனுக்கு லேஸ் வைத்தாள். கண்ணில்தான் வந்து மாட்டிக்கொண்டாள். புத்தகத்தில் அதற்கும் ஒரு பாடம் இருந்தது. மூடிய கண்ணைத் திறக்க, அதே நபரின் வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அடுத்த வரி: அப்படிப் படம் இல்லையென்றால் இந்தத் திருத்தத்தில் இறங்காதீர்கள்.

"இவரு ஊர்ல பிள்ளைங்க சாகுறதே இல்ல போல," என்று ஜசியாராவிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

பெரியவர்கள் என்றால் அண்ணன் தம்பி படத்திலிருந்து எடுத்து வைப்பாள். குழந்தைக்கு எங்கே போவது? புத்தகத்துப் பிள்ளைகளின் நீலக் கண்ணைக் கறுப்பாக்கிப் பார்த்தாள். எஸ்பெதீத்தா திருட்டு முழி முழித்தாள். பிறகு தன் வீட்டுப் படங்களைத் தேடினாள். ஜசியாரா எட்டு மாதத்தில், சன்னல் பக்கம் உட்கார்ந்து எடுத்த படம் கிடைத்தது. வெளிச்சம் அதே இடது பக்கம். முகம் அதே சாய்வு. சும்மா வைத்துத்தான் பார்ப்போமே என்று வைத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது. ஓரத்தை மெழுகி, நிறத்தைக் குறைத்து, இமைமயிரை ஒவ்வொன்றாக இழுத்து விட்டாள். குழந்தை அவளையே பார்த்தது. நெஞ்சுக்குள் ஏதோ கூசியது. ஆனாலும் அவள் அதை மாற்றவில்லை. எங்கேயும் ஒட்டுத் தெரியாத வேலை; அதை அழிக்க எந்தக் கைக்கு மனசு வரும்?

ஒன்றை மட்டும் அவள் கவனிக்கவில்லை. ஜசியாராவின் இடது இமை பிறந்ததிலிருந்தே ஒரு நூல் இறங்கித் தொங்கும், அந்தக் கண் மட்டும் தூங்கப் போவதுபோல. தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் அது கண்ணில் பட்டதில்லை. தினமும் பார்க்கிற முகம் அவளுக்கு அவ்வளவு சரியாக இருந்தது.

வீட்டைத் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்ததை வருஷா வருஷம் ஊரைக் கூட்டி ஜெபம் சொல்லிப் புதுப்பிப்பார்கள். அன்று வாசலில் வெடி போட்டார்கள். முன்கூடத்துச் சுவரில் நடுவில் திருஇருதயம், இரண்டு பக்கமும் புனிதர்கள், அதற்கு வெளியே குடும்பத்துப் படங்கள். மாதா படத்துக்கு நேர் கீழே, காகித மாலைக்குள், எஸ்பெதீத்தா உட்கார்ந்திருந்தாள். ஜெபம் நடத்த வந்தவள் செஃபீன்யா. மன்றாட்டு மாலையை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே ஒரு கண்ணால் சுவரை அளக்கத் தெரிந்தவள். கடைசிப் பாட்டு முடிந்து, அன்னாசித் தோலை ஊறவைத்துச் செய்த அலுவா பானத்தையும் கிழங்கு மாவு பிஸ்கட்டையும் கொண்டுவந்ததும் சுவர்ப் பக்கம் நகர்ந்தாள்.

"இது யாரு ஒசெலீத்தா, புதுசா?"

"என் தலைச்சன். எஸ்பெதீத்தா."

"அடியாத்தா! உசுரோட இருக்கையில எடுத்த படமா? நீ படமெல்லாம் எடுத்து வச்சிருந்தியா?"

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். ஒசெலீத்தா தட்டை இடுப்போடு அணைத்துப் பிடித்தாள்.

"ஆமா. சந்தைக்குப் படக்காரன் வந்திருந்தான். தூக்கிட்டுப் போனேன். சிரிச்சா பாரு, படக்காரனே கொஞ்சினான்."

நிவால்டா அலுவா தம்ளரைக் கீழே வைத்தாள். ஒசெலீத்தா அவள் பக்கம் பார்க்கவே இல்லை. பிள்ளையின் படத்தையே பார்த்துக்கொண்டு, இல்லாத படக்காரனின் தொப்பியைப் பற்றிக்கூடச் சொன்னாள். அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து நிவால்டா பார்த்ததில்லை.

"கண்ணு யாரு மாரியோ இருக்கே," என்றாள் செஃபீன்யா. கிட்டப் போனாள். அப்புறம் பிஸ்கட் தட்டோடு வந்துகொண்டிருந்த ஜசியாராவைப் பார்த்தாள். அப்புறம் படத்தை. "ஏட்டி ஜசியாரா, இங்க வா. இப்படி நில்லு." பெண்ணின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இந்த இடது இமையப் பாருங்கட்டி. ரெண்டுக்கும் ஒரே தொங்கல்."

எல்லோரும் ஒரே நேரத்தில் அதாவுத்தோவைப் பார்த்தார்கள். அவர் பாவம், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, "என்ன?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்குள் ஊர் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. செத்த பிள்ளைக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே கண் என்றால் கண் ஒரே இடத்திலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? எராஸ்மோ மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறவன். அதாவுத்தோ நிவால்டா வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்தார் அல்லவா? கிணற்று வாளி விழுந்தபோது எடுத்துக் கொடுத்தது யார்? அதனால்தானே ஒசெலீத்தாவையே ஞானத்தாயாக வைத்து வாயை அடைத்தார்கள்? பன்றி வெட்டுகிறவன்கூட எராஸ்மோவைப் பார்த்து, "பங்காளி வீட்ல சௌக்கியமா?" என்று கேட்டான்.

எராஸ்மோ கறியை வாங்காமலே வீட்டுக்கு வந்தான்.

"நீ இன்னைக்கே போயி நாலு பேரு காதுல விழுறாப்புல சொல்லிரு," என்றான். "கண்ணு நம்ம பிள்ளைது, நான்தான் எடுத்து வச்சேன்னு. சோலி முடிஞ்சுது."

"எப்படிச் சொல்லுவேன்? அந்த அக்கா உசுரோட எடுத்த படம்னு ஊருக்கே சொல்லிருக்கா."

"அவ சொன்ன பொய்க்கு நான் மானங்கெட்டுத் திரியணுமா?"

"முதப் பொய் நாஞ்சொன்னதுதான். கம்ப்யூட்டர்ல சொன்னேன், அம்புட்டுதான்."

"வியாக்கியானம் பேசாத. எனக்கு உம்மேல சந்தேகம் இல்லட்டி. ஆனா அந்தப் பன்னி வெட்டுறவனுக்குத் தெரியுமா அது?"

ஜசியாரா அடுப்படியிலிருந்து வந்தாள். கண்ணாடி பார்த்து அழுதிருக்கிறாள் என்று முகமே சொன்னது.

"செத்த பிள்ளைக்கு எங்கண்ண வச்சியாம்மா?"

"உங்கண்ணு இல்ல தாயி. படந்தான். நீ எட்டு மாசத்துல இருந்த படம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? இனிமே அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்? செவத்துலேர்ந்து நானே என்னையப் பாத்துக்கிட்டு இருக்கேன். நேத்து மாவுக்காரி எங்கிட்ட, 'உங்கக்காவுக்கு மெழுகுதிரி ஏத்தினியா'ன்னு கேக்கா."

வெட்கம் நிவால்டாவைப் பிடுங்கித் தின்றது. புருஷனைப் பார்க்கவும் வெட்கம், மகளைப் பார்க்கவும் வெட்கம். ஒசெலீத்தாவின் வீட்டுப் பக்கம் போனால் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டி, "பாரு, நான் எங்க நின்னாலும் என்னையே பாக்கா," என்பாள். அவள் காதில் ஊர்ப்பேச்சு விழவில்லையா, விழுந்தும் இடம் கொடுக்கவில்லையா என்று தெரியவில்லை. ஒருநாள் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று நிவால்டா தினமும் நினைத்தாள். வேலிவரை போவாள், மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்ததுபோலத் திரும்பிவிடுவாள்.

மரவள்ளிக் கிழங்கு மாவாட்டும் சமயம் அது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் மாவுக் கொட்டகையில் கூடினார்கள். கிழங்குக் குவியலைச் சுற்றித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தோல் சீவினார்கள். ஒருத்தி பாதி சீவி எறிவாள், சுத்தமான கையோடு இருக்கிற அடுத்தவள் மீதியைச் சீவுவாள். உள்ளே சக்கரம் கிழங்கை அரைத்தது, பிழிகிற மரச்சட்டத்திலிருந்து பச்சைக் கிழங்கின் விஷச்சாறு தொட்டியில் சொட்டியது, அடுப்புமேல் ஆண்கள் நீளத் துடுப்பால் மாவைத் தள்ளித் தள்ளி வறுத்தார்கள். புளிப்பு வாடையும் புகையும் சேர்ந்து கண்ணைக் கரித்தன. ஒசெலீத்தா வழக்கம்போல வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நிவால்டாவும் ஜசியாராவும் வேறு இடம் இல்லாமல் செஃபீன்யாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்கள்.

"நிவால்டா, உன் கம்ப்யூட்டரு நல்லாத்தான் வேலை செய்யுது," என்று ஆரம்பித்தாள் செஃபீன்யா. "சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லாததெல்லாம் வெளிய வந்துருதே."

சிலர் சிரித்தார்கள்.

"கிழங்கச் சீவுங்க மதினி. கைய வெட்டிக்கிடப் போறிய," என்றாள் நிவால்டா.

"நான் எங்கையப் பாத்துத்தான் வெட்டுதேன். கூரையப் பாத்து இல்ல." இன்னும் பலமாகச் சிரிப்பு. "ஏட்டி ஜசியாரா, தலையக் குனியாத. நிமிந்து பாரு. அந்தக் கண்ணு இந்த ஊர்ல ரெண்டு வீட்டுச் சொத்துல்லா!"

ஜசியாரா கத்தியைக் குவியல்மேல் எறிந்துவிட்டு எழுந்தாள். முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டு, தோல் கூளத்தில் கால் வழுக்க வழுக்க வெளியே ஓடினாள். துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நிவால்டா எழுந்து நின்றது அவளுக்கே தெரியாது.

"அது எம்பிள்ள கண்ணுதான்! நான்தான் எடுத்து வச்சேன், கேட்டுக்கிடுங்க! அந்தக் குழந்த படத்துல கண்ணே இல்ல. பெட்டியில கெடத்தி எடுத்த படம் அது. கண்ணு மூடிக் கெடந்துது. உசுரோட எடுத்த படம்னு ஒண்ணு கெடையவே கெடையாது! என்ன நிறம்னு கேட்டேன், அதுவும் தெரியல. நான் எங்க போவேன்? எம்பிள்ள படத்துலேர்ந்து வெட்டி ஒட்டினேன். போதுமா? அதாவுத்தோ அண்ணன எங்கப்பன் மாரி நெனைக்கேன். போதுமாட்டி உங்களுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் வாசல் பக்கம் பார்த்தாள்.

ஒசெலீத்தா கையில் பாதி சீவின கிழங்கோடு அப்படியே இருந்தாள். சக்கரத்தை யாரோ நிறுத்திவிட்டிருந்தார்கள். எல்லோரும் இப்போது அவளைப் பார்த்தார்கள். படக்காரனின் தொப்பியை வர்ணித்தவளை, பிள்ளையின் கண் தெரியாதவளை. அவள் அந்தக் கிழங்கின் மீதித் தோலையும் சீவிக் குவியலில் வைத்தாள். பானையில் கையைக் கழுவினாள். பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"மாவு வறுபட்டதும் என் பங்க அதாவுத்தோகிட்ட குடுத்து விடுங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

செஃபீன்யா குனிந்து அடுத்த கிழங்கை எடுத்தாள். அப்புறம் யாரோ, "அதானே பாத்தேன், அந்த மனுசனுக்கு அம்புட்டுச் சாமர்த்தியம் ஏது," என்றாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அதோடு நிவால்டாவின் மானம் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ளத்தான் அவளுக்குக் கூசியது. தனியாக வேலியோரம் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆயிரம் மத்தியானம் இருந்தது. இத்தனை பேர் நடுவில், அதுவும் இந்தக் கொட்டகையில் வைத்து அவள் சொன்னது, இவர்களுடைய வாயை அடைக்கத்தான். அதற்கு ஒசெலீத்தாவை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

எராஸ்மோ அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டான். பன்றி வெட்டுகிறவன் தோளில் தட்டி, தன் அப்பனுக்கும் கண் வைக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தானாம்.

"இதத்தான் நான் மொதல்லயே சொன்னேன்," என்றான். நிவால்டா அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒசெலீத்தா வந்தாள். படத்தைச் சட்டத்தோடு கழற்றி, போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். நிவால்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"மூடிக் குடு," என்றாள்.

"அக்கா..."

"கண்ண மூடிக் குடு. அடுத்தவ பிள்ள கண்ண எத்தன நாளைக்கு வச்சிருக்கிறது."

"அக்கா, எம்மேல தப்பு. நான் அன்னைக்கு அந்த எடத்துல..."

"பெரிய பொம்பள நான், பொய் சொன்னேன். சபையில ஒடைஞ்சுது. உம்மேல என்ன தப்பு?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நிவால்டாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஜசியாராவ வீட்டுப் பக்கம் வரச்சொல்லு. பிள்ள என்னையக் கண்டா தெரு மாறிப் போகுது."

அவள் போன பிறகு நிவால்டா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணைத் திறக்க நாள்கணக்காக ஒவ்வொரு இமைமயிராக இழுத்தவள். மூடுவதற்குக் கண் ஒட்டிய அந்தக் கண்ணாடித் தாளை மட்டும் எடுத்துவிட்டால் போதும், ஒரு அழுத்து. அழுத்தினாள். எஸ்பெதீத்தா கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் மூடியிருந்தது பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலியை எடுத்தாள். தலையணை வைத்தாள். தன் வீட்டுத் தலையணை உறையையே ஸ்கேன் செய்து, நிழல் சரிபார்த்து, தலை அழுந்துகிற இடத்தில் சுருக்கம் கொடுத்தாள். கவுனுக்குமேல் ஒரு போர்வை. பெட்டியையோ பூவையோ திரும்பக் கொண்டுவரவில்லை. புத்தகத்தைத் திறக்கவும் இல்லை. இறங்காதீர்கள் என்று அந்த மனிதர் ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் பார்த்துச் சிரித்தவள் அவள்தான்.

படத்தை அவளே கொண்டுபோனாள். ஜசியாராவும் வந்தாள், தலையைக் குனிந்துகொண்டு. "ஆசீர்வாதம் பெரியம்மா," என்று, ஞானத்தாயிடம் கேட்கிற முறைப்படி, கையை நீட்டினாள். ஒசெலீத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தை நிமிர்த்தி, அந்த இறங்கிய இமையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"கடவுள் ஆசீர்வதிக்கட்டும். உள்ள கிழங்கு மாவு அடை சுட்டு வச்சிருக்கேன், எடுத்துத் தின்னு."

ஒசெலீத்தா படத்தை மாதாவுக்குக் கீழே அதே ஆணியில் மாட்டினாள். சுவர் முழுக்கச் செத்தவர்கள், கோட்டும் தோடுமாகக் கண்ணை அகல விரித்து நின்றார்கள். நடுவில் இவள் ஒருத்தி மட்டும் தலையணையில் கிடந்தாள். ஒசெலீத்தா இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். அவள் கண்ணில் புரை விழுந்து ஓரம் வெளுத்திருந்தது. இத்தனை வருஷம் அடுத்த வீட்டில் இருந்தும் அந்தக் கண்ணை நிவால்டா சரியாகப் பார்த்ததில்லை. கரும்புப் பாகு நிறம். அன்று மத்தியானம், கண் என்ன நிறம் என்று கேட்டபோது, எதிரிலேயே இருந்தது.

"அக்கா!" நிவால்டாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க கண்ண எடுத்து வைக்கட்டா? உங்க பிள்ளதானே, உங்க கண்ணாத்தான் இருந்திருக்கும். புரைய நான் எடுத்துருவேன். சின்ன வயசாக்கிருவேன். கேமராவக் கொண்டாறேன், ஒரு நிமிசம், எனக்காகக்கா, இத நான் சரி பண்ணாம..."

ஒசெலீத்தா தலையை ஆட்டினாள்.

"இந்தக் கண்ணா? வேண்டாம். இவ போன அன்னைக்கும் மாவாட்டு. விடியக் கருக்கல்ல இவளத் தூங்க வச்சிட்டுக் கொட்டகைக்குப் போனேன். காய்ச்சல் விட்டிருந்துது, நல்லாத் தூங்கினா. எழுப்பினா அழுவாளேன்னு எழுப்பல." அவள் படத்தின் போர்வை ஓரத்தை, அது நழுவியிருப்பதுபோல, விரலால் தொட்டாள். "எனக்குக் கடைசியாத் தெரிஞ்சது இந்த மொகந்தான். இது மட்டும் மறக்கல."

நிவால்டாவுக்கு அழுகை பீறிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும், சத்தமாக, அன்று கொட்டகையில் கத்தியதுபோல அத்தனை சத்தமாக என்று வாயைத் திறந்தாள்.

ஒசெலீத்தா உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசு புள்ள," என்றாள். "இவ தூங்குதா."